எற்பாடும் ஒரு கமராவும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரிலே கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் நாட்டார் பாடல் பற்றியும் பலர் உங்களோடு பேசியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்று விலகியது போலத் தோன்றலாம். பொழுது சாயும் வேளையில் விளையாடும் பிள்ளைகளைப் படம் பிடிப்பது எப்படி என்பதே அது. இலக்கிய உரையில் கமராவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழ் கற்பிப்பது என் தொழில். கமரா என் கைக்கு வந்தது நாற்பது வயதுக்குப் பிறகு, கல்லூரி மலருக்கு விளையாட்டுப் படங்கள் தேவைப்பட்டபோதுதான். இரண்டு ஆண்டுகளாக அந்தக் கருவியோடு மைதான ஓரத்தில் நிற்கிறேன். வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் சிலவற்றை அது எனக்கே திரும்பச் சொல்லித் தருகிறது. அந்தத் துணிவில்தான் பேச வந்தேன்.

முதலில், ஏன் மங்கிய ஒளி? திருகோணமலையில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. அந்த வெயிலில் பிள்ளைகளை ஓடவிட முடியாது. அதன் பின்னர் தனியார் வகுப்புகள். ஆகவே உதைபந்தாட்டப் பயிற்சியானாலும் கரப்பந்தாட்டமானாலும் நாலரை மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். முதலாம் தவணையில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிகழ்ச்சி நிரல் பிந்திப் பிந்தி, எல்லோரும் காத்திருக்கும் அஞ்சல் ஓட்டம் தொடங்கும்போது சூரியன் விடைபெற்றிருப்பான்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல். சூரியன் மறைவதோ மேற்கே, உட்துறைமுகத்துக்கு அப்பால். நவம்பரில் 5.45க்கு முன்னரே மறைந்துவிடும், யூலையில் 6.30 வரை செல்லும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில். ஆதலால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பின் ஆட்களின் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் நிற்பது இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான். இங்கிலாந்தின் கோடைகால அந்தியோ முக்கால் மணி நேரம் வரை நீளும். அங்கே எழுதப்பட்ட படப்பிடிப்பு நூல்களில் அந்தி ஒளியில் ஆறுதலாகப் படமெடுக்கும்படி அறிவுரை இருக்கும். அதை நம்பி ஏகாம்பரம் மைதானத்தில் நின்றால், வில்லையை மாற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்து முகில் கூடினால் ஐந்து மணியே அந்திதான்.

இந்த வேளைக்குத் தமிழில் ஓர் அழகான பெயர் உண்டு. தொல்காப்பியம் ஐந்திணைக்கும் பொழுது வகுத்தபோது நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைக் கொடுத்தது. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல், சாய்தல். கடலோரத்து மக்களுக்கு ஞாயிறு சாயும் பொழுதே உரிய பொழுது என்று அந்த நூல் கண்டது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மங்கிய ஒளியில் கமராவைத் தூக்கியவர் எல்லோரும் முதலில் அடைவது அந்த இரங்கலைத்தான். படம் இருண்டிருக்கும். இருளாவிட்டால் ஓடிய பிள்ளையின் இடத்தில் ஒரு புகை இருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது? சிறிது கணக்குப் பார்ப்போம். நூறு மீற்றரைப் பதினாறு செக்கனில் ஓடும் ஒரு சிறுவன் செக்கனுக்கு ஆறு மீற்றருக்கு மேல் கடக்கிறான். கமராவின் மூடி அறுபதில் ஒரு செக்கன் திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் அவன் உடல் பத்து சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். முன்னோக்கி வீசும் கால் அதைவிட விரைவாகச் செல்லும். அப்படியானால் முகம் எங்கே, பாதம் எங்கே? ஐந்நூறில் ஒரு செக்கனாக மூடியை விரைவுபடுத்தினால் நகர்வு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் குறையும். முகம் முகமாக நிற்கும். ஆனால் உள்ளே புகும் ஒளியும் எட்டில் ஒரு பங்காகிவிடும். மாலையில் இருப்பதே கொஞ்ச வெளிச்சம். அதிலும் எட்டில் ஒரு பங்கு!

இந்தக் குறையை ஈடுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வில்லையின் துவாரம். கமராவோடு சேர்த்து விற்கும் உருப்பெருக்கி வில்லையைத் தூரக் காட்சிக்கு நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். ஐம்பது மில்லிமீற்றர் வில்லை ஒன்று, எஃப் 1.8 துவாரத்தோடு, ஒப்பீட்டளவில் மலிவாகவே கிடைக்கும். எண்ணைப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. உள்ளே புகும் ஒளியோ ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆனால் அந்த வில்லை தூரத்தை அருகே கொண்டுவராது. நாம்தான் நடந்து அருகே செல்லவேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு அது நல்ல பயிற்சியே.

மற்றது ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். படச்சுருள் காலத்தில் 400 என்ற சுருளை வாங்கி, துணிந்தவர்கள் அதை 1600 போலக் கழுவி எடுத்தார்கள். இன்றைய சாதாரண டிஜிட்டல் கமராவே 6400 வரை ஏறும். ஏற ஏறப் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். இங்கே வில்லையின் அருமை விளங்கும். 1.8 வில்லைக்கு 3200 போதுமான ஒரு வேளையில், அதே வேகத்துக்கு 5.6 வில்லை 30,000க்கு மேல் கேட்கும். கைத்தொலைபேசியில் இரவுப் படம் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்று நீங்கள் சொல்லலாம். அசையாத கோயில் கோபுரத்துக்கு அது சரி. அந்தக் கருவி இருளில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஓடும் பிள்ளை அந்தச் சேர்க்கையில் கரைந்துபோவான்.

ஆக, ஏதோ ஒன்றை இழந்தே தீரவேண்டும். எதை இழப்பது என்பதுதான் கேள்வி. இலக்கணம் படித்தவர்களுக்கு விடை கிட்டவே இருக்கிறது. வழு என்றும் வழுவமைதி என்றும் நாம் பிரித்துக் கற்பிக்கிறோம். குற்றமே எனினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. புள்ளி விழுந்த படம் வழுவமைதி. பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும் தாய்க்குப் புள்ளி தெரியாது, பிள்ளைதான் தெரிவான். முகம் கலைந்த படமோ வழு. அதை எந்தக் காரணமும் காப்பாற்றாது. ஆகவே தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துங்கள், மூடியின் வேகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு. ஓடுபவனின் வேகத்துக்கே கமராவைத் திருப்பிக்கொண்டு முப்பதில் ஒரு செக்கனில் எடுத்தால், அவன் ஓரளவு தெளிவாக நிற்க, பின்னால் உள்ள வேலியும் கூட்டமும் கோடுகளாக நீளும். வேண்டுமென்றே செய்த அந்தக் கலங்கலும் வழுவமைதியே.

இதை என்னுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். யூலியா மாகிரட் கமரன் என்ற அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு இங்கிலாந்தில் படம் பிடிக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே ஆனி என்ற சிறுமியின் முகத்தை எடுத்து, அதைத் தமது முதல் வெற்றி என்று குறித்துவைத்தார். அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கு நீண்ட நேர ஒளி வேண்டும். அத்தனை நேரம் பிள்ளைகளை அசையாது இருத்துவதும் எளிதன்று. அவருடைய படங்கள் தெளிவு குறைந்தவை, கறை படிந்தவை என்று விமர்சகர்கள் பழித்தனர். அவர் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைத் தாமே முடிவு செய்தார். முகத்தின் உயிரை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அந்தப் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார், இங்கும் படமெடுத்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். நாற்பதைக் கடந்து கமராவைத் தொடும் எவருக்கும் அந்தக் கல்லறை ஓர் ஆறுதல்.

நேயர்களே, கருவியைப் பற்றி இவ்வளவு போதும். கருவியால் முடியாத ஓர் இடம் வரும். அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. வெளிச்சம் குறையக் குறைய, ஆட்டத்தைப் பற்றிய அறிவு கூடவேண்டும்.

உயரம் பாயும் ஒரு மாணவனைப் பாருங்கள். தரையை விட்டு எழும்போது அவன் வேகம் பெரிது. மேலே செல்லச் செல்லக் குறைந்து, உச்சியில் ஒரு கணம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உச்சிக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் எல்லைக்குள் அவன் உடல் நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டால் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு வரும். கமராவுக்கு அது நீண்ட நேரம். அந்த இடத்தில் நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கன்கூடப் பெரும்பாலும் போதும். இப்படி நிற்கும் இடம் ஏறத்தாழ எல்லா ஆட்டத்திலும் உண்டு. கரப்பந்தாட்டத்தில் அடிப்பவன் எழுந்து கையை ஓங்கிய நிலை. வலைப்பந்தாட்டத்தில் கூடையை நோக்கிக் குறிபார்க்கும் சிறுமியின் நிலை. ஓட்டத்தில் வெடி ஒலிப்பதற்கு முந்திய நிலை: எட்டுப் பிள்ளைகள் கல்லாய் இருப்பார்கள். கிளித்தட்டில், கோட்டை மறிப்பவனும் கடக்க முனைபவனும் ஒருவரையொருவர் ஏய்க்கப் பார்த்து இருவருமே உறைந்து நிற்கும் நிலை. கிளித்தட்டு ஆடியவருக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று தெரியும். தெரியாதவர் நூறு படம் எடுத்தாலும் அதற்கு முன்னும் பின்னும்தான் எடுப்பார். ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு என் யோசனை இதுதான்: முதல் நாள் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய் ஆட்டத்தைப் பாருங்கள்.

நம்முடைய பழைய புலவர்கள் கருவி இல்லாமலே இதைச் செய்தார்கள். புறநானூற்றின் 243ஆம் பாட்டை நினைவுகூருங்கள். பாடியவரின் பெயர் தெரியாததால் அவர் பாட்டில் வரும் ஊன்றுகோலையே அவருக்குப் பெயராக்கி, தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். இருமலுக்கிடையே சில சொல் பேசும் கிழவர் ஒருவர் தம் சிறுபருவத்தை எண்ணுகிறார். நீரின்மேல் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, திவலை தெறிக்க ஆழ மடுவில் குதித்த நாளை எண்ணுகிறார். வாழ்வு முழுவதிலுமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு பாய்ச்சலைத்தான். நாலாயிரம் நாளில் ஒரு நாள், அந்த நாளில் ஒரு கணம். தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான். அந்தச் சிறுவன் வெறுமனே மூழ்கி எழவில்லை. ஆழத்தைத் தொட்டதற்கு அடையாளமாக அடியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு வருகிறான். அந்த மணலைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கணத்தைத் தேர்ந்த பிறகு எங்கே பார்ப்பது? பந்தையா, முகத்தையா? இதற்கும் தொல்காப்பியம் கைகொடுக்கும். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கில் ஒன்றாக விளையாட்டையே வைத்திருக்கிறது. பெருமிதத்துக்குரிய நான்கில் தறுகண்மை ஒன்று. அழுகைக்குரிய நான்கில் இழவும் உண்டு. இவை எல்லாம் ஒரே மைதானத்தில் ஒரே மாலையில் கிடைக்கும். ஆனால் கோலுக்குள் பந்து விழும் இடத்தில் அல்ல. விழுந்து இரண்டு செக்கன் கழித்து அடித்தவனின் முகத்தில் உவகை. காப்பாளனின் தோளில் அழுகை. எல்லைக் கோட்டருகே மாற்றாளாக நிற்பவனின் கண்ணில் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. அந்த நேரத்தில் ஓட்டம் நின்றுபோயிருக்கும். நூற்றிருபத்தைந்தில் ஒரு செக்கனே போதும். இருள் நமக்குத் தடையாகத் தெரிந்தது. உண்மையில் பார்க்கவேண்டிய இடத்துக்கு நம்மைத் திருப்பிவிட்டிருக்கிறது.

சில விலக்குகளையும் சொல்லவேண்டும். மின்னல் விளக்கை ஆட்டத்தின் நடுவே பயன்படுத்தாதீர்கள். கமராவில் உள்ள சிறு விளக்கின் ஒளி சில மீற்றர்களுக்கு அப்பால் வலுவிழந்துவிடும். அருகே வரும் பிள்ளையின் கண்ணையோ கூசச்செய்யும். பாயும் பிள்ளைக்கு அது ஆபத்து. மண்டபத்துக்குள் பூப்பந்தோ மேசைப்பந்தோ எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழுந்தால் கமராவைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. பழைய குழல் விளக்குகள் 100 முறை துடிக்கின்றன. நூறில் ஒரு செக்கனுக்கு மூடியை வைத்து, நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விலக்கு வேறு. பிள்ளையின் படம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். விழுந்து அழும் பிள்ளையை எடுக்கலாம்; பகிரங்கப்படுத்துவது வேறு விடயம். எல்லோர் கையிலும் சமூக ஊடகம் இருக்கும் காலம் இது. இளிவரல் என்ற மெய்ப்பாட்டைத் தொல்காப்பியம் சொன்னது அறிவதற்காக. ஒரு பிள்ளைக்கு அதை உண்டாக்குவதற்காக அன்று.

இவ்வளவு பாடுபட்டு இந்தப் படங்கள் எதற்கு? மலருக்கு என்றால், மேடையில் கேடயத்தோடு வரிசையாக நிற்கவைத்து எடுத்த படம் போதுமே.

எங்கள் மாவட்டத்து வீடுகளைப் பற்றிச் சிறிது எண்ணுங்கள். 1983, 1990, 2006 என்று இடப்பெயர்வுகள். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள். தந்தையின் இளமை என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தபோது, முடிந்தால் ஒரு படம் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவையும் ஸ்ரூடியோவில் திரைச்சீலைக்கு முன் நின்றவை, அல்லது அடையாள அட்டைக்கு எடுத்தவை. ஓடிய படம் ஒன்றில்லை. சிரித்த படம்கூட அரிது. ஒரு தலைமுறை விளையாடவில்லையா என்ன? விளையாடியது. மணல் மட்டும் மேலே வரவில்லை.

கடந்த ஆண்டு ஒரு மாணவன் அஞ்சல் ஓட்டத்தில் கோலை வாங்கும் படத்தை அவன் தந்தையிடம் கொடுத்தேன். நன்றாக இருட்டிய பின் எடுத்தது, புள்ளி நிறைந்தது. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், நானும் இதே நாலாவது ஆளாத்தான் ஓடினனான். தொண்ணூறில வெளிக்கிடேக்க காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் எடுத்தம். அல்பத்தை எடுக்க ஆருக்கு நினைவு வந்தது? நான் ஓடினதெண்டு சொன்னா இவன் நம்புறானில்லை" என்றார். பிறகு, "இந்தக் கையைப் பாருங்கோ, பின்னால நீட்டியிருக்கிற விதம்… அப்படியே என்ர கை" என்றார். மகன் அந்தப் படத்தை வாங்கித் தகப்பனின் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்கு அவன் நம்பினான் என்றே நினைக்கிறேன்.

படம் சான்றாக நிற்கும் என்பதை இந்த நகரம் வேறு விதமாகவும் அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இங்குள்ள கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்களின் உடல்களில் இருந்தவை துப்பாக்கிக் காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பணியோடு என் போன்றோரின் பொழுதுபோக்கை ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். இறந்த பிள்ளைகளின் படங்கள் சான்றாக வேண்டியிருந்த ஊரில், வாழும் பிள்ளைகளின் பாய்ச்சலுக்கும் சான்று வேண்டும். அதை எடுத்துவைப்பது பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடிய சிறு கடமை.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இரவல் கமராவும் போதும். ஆட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். கோட்டுக்கு அருகே செல்லுங்கள். புள்ளி விழுந்தால் விழட்டும். எடுத்த படத்தைக் கைத்தொலைபேசிக்குள்ளேயே புதைத்துவிடாமல், கடையில் கொடுத்து ஒரு தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் திகதியும் எழுதி அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, இருமலுக்கிடையே சில சொல் பேசும் வயதில், தான் ஒரு நாள் மண்ணை விட்டு எழுந்து நின்றதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லும்போது, அவனிடம் காட்ட ஒரு பிடி மணல் இருக்கும்.